அம்மாவின் விசா போட்டோ

அம்மாவின் விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஏஜெண்ட் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியில் முடித்தவர்கள், போட்டோவுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுதாக ஒதுக்கியிருந்தார்கள். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. முகம் நேராகப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. மகன் குழாய் மாட்டிக் கிடக்கிறான், அவனைப் பார்க்கப் போகிறவள் பல்லைக் காட்டிக்கொண்டா நிற்பாள் என்று அந்தக் காகிதத்தைத் திட்டினேன். காகிதங்களோடு சண்டை போடுவது எனக்குப் பழக்கம். பிழைப்பே அதுதான்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குக் காகித வேலை செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் ஒன்றில் பதினாறு வருடமாக கிளார்க்காக இருக்கிறேன். ஒரு காகிதத்தில் இருக்கும் எடை இன்னொரு காகிதத்தில் கொஞ்சம் மாறியிருந்தால் போதும், கன்டெய்னர் நாள்கணக்கில் வெயிலில் கிடக்கும். என் கையெழுத்தோடு போன எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் உயிரை வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

அண்ணன் கப்பல்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கப்பல்காரன் உண்டு, அதில் பெருமை ஒன்றும் கிடையாது. அவன் வேலை பார்த்தது வளைகுடாவில், பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் போட்டில், இஞ்சின் ரூமில். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அப்பா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துபோய்விட்டார். என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கல்யாணம் என்று அண்ணன் சொன்னான். என்னை மாப்பிள்ளையூரணியில் கட்டிக்கொடுத்தான். அதன் பிறகு வீட்டு மாடி கட்டிவிட்டு என்றான், பிறகு அடுத்த லீவுக்கு என்றான். நாற்பது வயதாகிவிட்டது. அவனுக்கு இருந்தது அம்மாவும் நானும்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், அண்ணனைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்த ஏஜெண்ட் போன் செய்தார். அண்ணனுக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது எங்களுக்குத் தெரியும். கணையத்தில் புண் என்று சொல்லியிருந்தார்கள், மருந்தில் சரியாகும் என்றும் சொல்லியிருந்தார்கள். இப்போது ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள், வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வருவதென்றால் உடனே வருவது நல்லது என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னார். விசா சாதாரணமாக இரண்டு நாளில் வந்துவிடும், டிக்கெட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், விமான நிலையத்துக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் வந்து கூட்டிப்போவார் என்றார்.

என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. அம்மாவிடம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் லீவில் வந்தபோது, உன்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போய் என் போட்டைக் காட்டணும் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமல் பைபிளுக்குள் இருந்தது.

அம்மாவின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் முகத்தில் வெண்புள்ளி உண்டு. நல்ல கறுப்பு நிறம் அம்மா. உதட்டைச் சுற்றி, இடது கண்ணைச் சுற்றி, கன்னத்தில் காதுவரை ஒரு பெரிய திட்டு என்று வெள்ளையாக இருக்கும். அது யாருக்கும் ஒட்டாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் கோயிலில் பூசைக்குப் போனால் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் எப்போதும் காலியாக இருக்கும். அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டு, அதைக் கன்னம் மறைகிறாற்போல் இழுத்து விட்டுக்கொள்வாள். கோயிலுக்கு வெளியே வந்த பிறகும் கை தானாக முந்தானையைத் தேடும்.

அண்ணன் ஒருவன்தான் அதை வைத்து அம்மாவைக் கேலி செய்வான். "எம்மா, ஒம் மூஞ்சில ஒலக மேப்பே இருக்கு பாத்தியா? இது இலங்கை. இந்தா இது ஆப்பிரிக்கா. அடுத்த தடவ நான் போறது இங்கன" என்று கன்னத்தில் விரலால் தொட்டுக் காட்டுவான். "போலே, எடுபட்ட பயலே" என்று அம்மா அவன் கையைத் தட்டிவிடுவாள். அப்போது அம்மா சிரிக்கிற சிரிப்பை வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை.

நான் அப்படி இல்லை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. டீச்சரிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த மாதம் அவன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்காரவைத்தான். அவனுக்கு அன்றைக்குப் பரிசு ஒன்றும் கிடையாது, சும்மாதான் கூட்டிப்போனான். வெட்கம் எனக்கு அப்போதும் போகவில்லை. அதை மறைக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி உடன்குடிக்காரர். கப்பலுக்குப் போகிற எல்லாருக்கும் அவர்தான் போட்டோ எடுப்பார். எந்த நாட்டுக்கு எந்த அளவு என்று மனப்பாடமாகச் சொல்வார். அவர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டதுமே, வந்தவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முகத்தைக் கொஞ்சம் வெளுத்துவிடுவார். பரு இருந்தால் போய்விடும், கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்தால் போய்விடும். தெருவில் எண்ணெய் வடிகிற முகத்தோடு பார்த்தவன் படத்தில் பவுடர் போட்டாற்போல் இருப்பான். ஊரில் யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. அப்படிச் செய்யாவிட்டால்தான், என்ன அண்ணாச்சி கவனிக்கலையா என்று கேட்பார்கள்.

நான் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"பெரியம்மா, சேல வெளிறிப் போயிருக்கே. பின்னாடி வெள்ளத் துணியில்லா, தோள்பட்ட தெரியாது. அடர் கலரா வேணும்."

அம்மா ஒரு வெளிர் சாம்பல் நிறச் சேலையில் வந்திருந்தாள். திரும்பி வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. என் கழுத்தில் கிடந்த ஊதா துப்பட்டாவை எடுத்து அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டு, பின்னால் ஊசி குத்திவிட்டேன். ஸ்டூலில் உட்காரவைத்தோம். உட்கார்ந்ததும் அம்மாவின் கை முந்தானையைத் தலைக்கு இழுத்தது.

"ரெண்டு காதும் தெரியணும் பெரியம்மா."

அம்மா துணியை இறக்கினாள். விளக்கு எரிந்தது. அண்ணாச்சி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வாய் திறந்திருந்தது. இன்னொன்று எடுத்தார். அதிலும் வாய் திறந்திருந்தது. மூன்றாவதில் கண்ணும் மூடியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எம்மா, வாய மூடிக்கிட்டு செத்த நேரம் இருக்க முடியாதா உன்னால?"

"ஜெபம் சொல்லுதேன்ளா," என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து நிறுத்தாம சொல்லிக்கிட்டு இருக்கேன். நிறுத்துனா அவனுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்கு."

அண்ணாச்சிதான் அதைச் சரிசெய்தார். "அதுக்கென்ன பெரியம்மா, நீங்க சொல்லுங்க. ஒண்ணு முடிஞ்சி அடுத்தது ஆரம்பிக்கும்போது மூச்சு விடுவீயல்லா, அப்ப நான் எடுக்கேன்" என்றார். அவருக்கு எங்கள் ஜெபம் தெரியாது. ஆனால் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாவின் வாய் ஆமென் என்று மூடிய கணத்தில் எடுத்தார். கண் திறந்திருந்தது, வாய் மூடியிருந்தது, காது இரண்டும் தெரிந்தன, அம்மா கேமராவை நேராகப் பார்த்தாள். விதியில் கேட்ட எல்லாமே இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் படம் பெரிதாக வந்தது. விளக்கு வெளிச்சத்தில் புள்ளிகள் நேரில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரிந்தன. கன்னத்துத் திட்டும் பின்னால் இருந்த துணியும் ஒரே வெள்ளை. அந்த முகத்தை எங்கேயோ ஒரு குளிர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆபீசர் பார்ப்பதை நினைத்தேன். ஒட்டும் வியாதி என்று நினைத்துவிட்டால்? அந்த நாடுகளில் உடம்பைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று அண்ணனே சொல்லியிருக்கிறான். டாக்டரிடம் சர்டிபிகேட் கொண்டு வா என்று சொல்லிவிட்டால் எத்தனை நாள் போகும்? இவ்வளவும் உண்மையான பயம்தான். ஆனால் அதற்கு அடியில் பழைய வெட்கமும் கிடந்தது. இன்றைக்கு அதை ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சியின் கை பழக்கத்தில் மவுஸை நகர்த்த ஆரம்பித்தது. நெற்றியில் ஒரு சின்ன சுருக்கம் போனது. பிறகு அவரே நிறுத்திவிட்டு என் பட்டியலை மறுபடி எடுத்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"யம்மா, இங்கன என்னமோ போட்டிருக்கே. கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் மாத்தக் கூடாதுங்கான். எடுத்தது எடுத்தபடி இருக்கணுமாம்." என்னைப் பார்த்தார். "அப்படியே விட்டிரட்டா?"

நான் அந்த வரியை ஏற்கெனவே படித்திருந்தேன். பதினாறு வருடமாகக் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறவள் நான்.

"எல்லாரும்தான் மாத்துறாங்க. அவன் கண்டுபிடிக்கவா போறான்?" என்றேன். "அந்த வெள்ளையை எடுத்துருங்க அண்ணாச்சி. எல்லாத்தையும் எடுத்துருங்க."

அவர் எடுத்தார். உதட்டைச் சுற்றி இருந்தது முதலில் போயிற்று. பிறகு கண்ணைச் சுற்றி. கன்னத்துத் திட்டுக்கு மேலே இருந்த தோலிலிருந்து கறுப்பை எடுத்து எடுத்து அதன் மேல் வைத்தார். சுவரில் விரிசலுக்குப் பூசுகிற மாதிரி பொறுமையாகச் செய்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே நிறத்தில் ஒரு பெண் திரையிலிருந்து எங்களைப் பார்த்தாள். அழகாக இருந்தாள். எனக்கு யாரென்றே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள் என்று தெரியாது. உதடு அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போகிறாற்போல் இருந்தது, சொல்லவில்லை. கண்ணில் புரை இருப்பதால் சரியாகத் தெரிந்திருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"போலாமாம்மா?" என்றேன்.

"ம்," என்றாள்.

அன்றைக்கு மாலையே எல்லாவற்றையும் ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் மனு போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அம்மா பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரண்டு சேலை, ஜெபமாலை, அண்ணனுக்குப் பிடிக்குமே என்று பேக்கரியில் வாங்கிய ஒரு பெட்டி மக்ரூன். அவனுக்குத் தண்ணீர்கூட வாய்வழியாகக் கொடுப்பதில்லை என்று நான் சொன்னேன். "வச்சிருக்கட்டும். கண்ணு முழிச்சா கேப்பான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்த நம் ஊர்க்காரர் வீடியோவில் அண்ணனைக் காட்டினார். மூக்கில் வாயில் எல்லாம் குழாய். கண்ணை லேசாகத் திறந்திருந்தான். அம்மா போனை முகத்துக்கு வெகு பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஏலே, அம்மா வாரேன்லே. ரெண்டு நாள்ல வாரேன். எங்கனயும் போயிராத, கேக்கா?" என்றாள். அவன் ஒரு விரலை அசைத்தான் என்று அம்மா சொன்னாள். ஊர்க்காரரும் ஆமாம் என்றார். எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸில் இருக்கும்போது ஏஜெண்டிடமிருந்து மெயில் வந்தது. போட்டோவில் இருக்கும் நபரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் நபரும் ஒருவர்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, படம் மாற்றப்பட்டதாகத் தெரிகிறது, புதிய படமும் விளக்கமும் அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

பாஸ்போர்ட்டில் இருந்த படம் பாஸ்போர்ட் ஆபீஸிலேயே எடுத்தது. அதில் அம்மா அம்மாவாகவே இருந்தாள், எல்லாத் திட்டுகளோடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்ப்பார் என்பது எனக்குத் தோன்றாமல் போனது எப்படி? இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்கு மாதா மாதம் சம்பளம் தருகிறார்கள்.

அம்மா வீட்டுக்கு ஓடினேன். பையோடு கிளம்பத் தயாராக அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "சைஸ் சரியில்லையாம்மா, இன்னொண்ணு எடுக்கணும்" என்று பொய் சொன்னேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். உள்ளே போய் அடர் பச்சை சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதே அண்ணாச்சியிடம் போக முகமில்லாமல் வேறு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே ஜெபம் சொல்லவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். எதையும் தொடாதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்று நான் அந்தப் பையனிடம் கத்தியது தெருவரை கேட்டிருக்கும்.

விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஸ்டுடியோவில் தவறுதலாக மாற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். அதுவும் பொய். எல்லாம் போய்ச் சேரும்போது அங்கே ஆபீஸை மூடிவிட்டார்கள். அங்கே வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் விடுமுறை. இனி ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார்கள் என்றார் ஏஜெண்ட். அவசரம் என்று சொல்லிப் பாருங்கள் என்று கெஞ்சினேன், பிறகு அவரையும் திட்டினேன். அவர் நல்ல மனிதர். திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "முயற்சி பண்ணிக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் இறந்துபோனான். அம்மா பூசைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி நடையில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செருப்பு காலில் இருக்க அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாள்ல வாரேன்னு சொன்னேனே அவன்கிட்ட" என்றாள். அன்றைக்கு முழுவதும் அதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. வந்து கட்டிப்பிடித்து அழுத எல்லாரிடமும் அதையே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு விசா வந்தது.

பெட்டி வர ஒன்பது நாள் ஆனது. திருவனந்தபுரத்தில் இறக்கி, ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்துக்கு நாங்கள் கீழ்ப்படிந்தோம். அம்மா பெட்டியின் மேல் கையை வைத்து, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். கொண்டுவந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் குனிந்து முத்தம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு உறக்கமும் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை, விதி அப்படி, நீ என்ன செய்வாய் என்றார். விதியா! அவர் மேல் எரிந்து விழுந்தேன். விதியை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்து என் கையில் கொடுத்திருந்தார்கள், அதைத்தான் நான் மீறினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் படம் சரியாக இருந்திருந்தால் புதன்கிழமை விசா. வியாழக்கிழமை அம்மா அங்கே இருந்திருப்பாள். வியாழன், வெள்ளி, இரண்டு முழு நாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். பிழைத்திருக்க மாட்டான், அது எனக்கும் தெரியும். ஆனால் தனியாகப் போயிருக்க மாட்டான்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், படத்தை மாற்றச் சொன்னதைச் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொன்னார். கடவுளுக்கு என்ன, மன்னித்துவிடுவார். அம்மாவிடம் சொல்லாமல் எனக்கு இது தீராது என்று தெரிந்தது. சொல்லப் பயமாகவும் இருந்தது. சைஸ் சரியில்லை என்ற பொய் எங்கள் நடுவில் அப்படியே கிடந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, மத்தியானம் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா அடுப்படியில் கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். கடைசி வரியை நான் படித்திருந்தேன் என்று சொன்னேன். திருப்பி அனுப்பியது சைஸுக்காக இல்லை என்று சொன்னேன். ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி வார்த்தை வரவில்லை. என்னை அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ளா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணாச்சி வாசிச்சுச் சொன்னாவல்லா, ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னு. எனக்கும் காது கேக்கும். அவிய அழிக்கும்போது உன் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். வேண்டாம்னு சொல்லணும்னு வாயத் தொறந்தேன்." கையில் இருந்த துணியை மடித்து மடியில் வைத்தாள். "சொல்லல."

"ஏம்மா?"

"இது உங்க அண்ணன் வயித்துல இருக்கும்போது வந்தது. ஏழாவது மாசம். அதுக்கு முன்னால எனக்கு ஒரு போட்டோ கெடையாது. கல்யாணத்துக்கு எடுத்தது கடல் வெள்ளத்துல போச்சு. என் பழைய மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு. அன்னைக்குப் பாக்கேன், அண்ணாச்சி கடை டிவில நான் இருக்கேன். நாப்பது வருசம் கழிச்சு." தன் கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "அவன் அத பாத்ததே கெடையாதுல்லா. அவன் பொறந்து கண்ணத் தொறந்ததுலேர்ந்து இந்த மூஞ்சியத்தான பாத்தான். அந்தப் போட்டோல ஒண்ணக் கொண்டுபோய், இந்தா பாருலே, உங்க அம்மா இப்படித்தாம்லே இருந்தான்னு காட்டணும்னு ஆச வந்துட்டு. அந்த ஆசையில வாய மூடிக்கிட்டேன்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அவனுக்கு அந்த மூஞ்சியாளா வேணும்?" என்றாள் அம்மா. "கண்ணத் தொறந்தா இந்த மூஞ்சியத்தான தேடியிருப்பான். இத இங்கன வச்சிக்கிட்டு நான் உக்காந்திருந்தேன்."

அவள் அழவில்லை. அழுது முடித்த பிறகு வருகிற குரலில் பேசினாள். ஒரு மாதமாக அவளும் என்னைப் போலவே நாள் எண்ணியிருக்கிறாள். புதன்கிழமை விசா, வியாழக்கிழமை அங்கே. நான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன்.

உன் தப்பு இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவளும் என்னைப் பார்த்து அதையே சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லி யாருடைய தப்பும் இல்லை என்றாகிவிட்டால், அவன் தனியாகச் செத்ததற்குப் பதில் சொல்ல ஆளே இல்லாமல் போகும். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.